மலைப்பாதையும் மறைப்பாடலும்

(பழைய பாடகர் ஒருவர்)

"நம் பங்கின் வரலாற்றில் உமக்கு நன்கு தெரிந்த ஒரு பகுதியை எழுதித் தாரும்" என்று யூபிலி மலர்க் குழுவினர் என்னைக் கேட்டனர். கோவில் எழும்பிய வரலாற்றையும், கெபி கட்டிய வரலாற்றையும், பங்குத் தந்தையரின் வரிசையையும் என்னைவிடத் திறமாக எழுத வல்லோர் இப்பங்கில் பலர் இருக்கின்றனர். ஆகவே அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, யாரும் எழுதமாட்டார்கள் என்று நான் அஞ்சும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது நம் இளைஞர் பாடகர் குழு பேருந்தேறி ஊர் ஊராகப் பாடப் போன வரலாறு.

இதுவும் ஒரு வரலாறா என்று சிலர் நகைக்கக்கூடும். ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பங்குப் பதிவேட்டில் ஏறுகின்றன. கட்டடத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பது கல்லிலேயே ஏறிவிடுகிறது. பாட்டு மட்டும் எதிலும் ஏறுவதில்லை. பாடியவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது அதுவும் உடன் போய்விடுகிறது. நம் பழைய குழுவில் இப்போது எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களுள் இருவருக்குக் காது மந்தம். (நான் அவ்விருவரில் ஒருவன் அல்லேன் என்று என் மனைவியிடம் யாரும் சொல்ல வேண்டாம், அவள் ஒப்பமாட்டாள்.)

கேத்தி எங்கே இருக்கிறது என்று நம் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனினும், பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று, அங்கிருந்தபடி இம்மலரைப் புரட்டும் நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்காக இரண்டொரு வார்த்தை சொல்கிறேன். குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில், கோப்பை போல் குழிந்து கிடக்கும் பள்ளத்தாக்கு நம்முடையது. தேயிலை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட் ஆகியவை இங்கே விளையும். சென்னை மாகாண ஆளுநராக 1837 முதல் 1842 வரை இருந்த எல்பின்ஸ்டன் பிரபு இங்கே மாளிகை அமைத்துக்கொண்டார். பின்னர் அதே மாளிகையில் வாழ்ந்த கசமேஜர் என்னும் ஓய்வுபெற்ற அதிகாரியின் ஆதரவில், 1840களில் பாசல் மிஷனைச் சார்ந்த புரொட்டஸ்டண்டு சகோதரர்கள் இப்பள்ளத்தாக்கில் பணி தொடங்கினார்கள். ஆகவே கேத்தியின் காற்றில் முதன்முதலில் கலந்த கிறிஸ்தவக் கூட்டுப்பாடல் ஜெர்மானியக் கீதமாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். பொதுச்சங்கத்திற்குப் பின் வாழும் நாம் அதை மனங்கோணாமல் ஒப்புக்கொள்ளலாம்.

மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அது நின்று நின்று போகும். பேருந்து பெருகும் முன்பு, உதகையில் பெரிய திருநாள் என்றால் நம் பாடகர்கள் இரயிலில்தான் போனார்கள் என்று என் தந்தையார் சொல்வார். ஆனால் இரயில் தன் நேரத்துக்குப் போகும். தன் நேரத்துக்கு வரும். இரவுத் திருப்பலி முடிந்து திரும்பிவர அது உதவாது. தோட்டத்து லைன் வீடுகளுக்கு அருகே அது போவதும் இல்லை. பேருந்து வந்த பின்னரே பாடகர் குழு என்பது கோவிலை விட்டு வெளியே போகக்கூடிய ஒன்றாயிற்று. 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. பல்லவன், பாண்டியன், சேரன் என்று மன்னர்களின் பெயரில் பேருந்து ஓடிய காலம் அது. 1990களின் பிற்பகுதியில் அப்பெயர்கள் எல்லாம் மறைந்து, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயராயிற்று. ஆயினும் எங்கள் வயதினர் இன்னும் "சேரன் வந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறோம்.

பாட்டோடு ஊர் ஊராகச் செல்லுதல் திருச்சபைக்குப் புதிதன்று. நம் தமிழ் மண்ணில் அதற்கு நானூற்று எண்பது ஆண்டு வயது. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர் மக்களின் உதவியால் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் பெயர்த்து மனனம் செய்துகொண்டார். பின்பு கையில் ஒரு மணியை ஏந்தி, கடற்கரைத் தெருக்களில் அடித்துக்கொண்டே நடந்து, சிறுவர்களைத் திரட்டினார். அவர்களுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் அழைத்த இடங்களுக்கெல்லாம் தாம் ஒருவரே போக இயலாதபோது, அச்சிறுவர்களையே வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் போய் நோயாளியைச் சூழ்ந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். இவற்றையெல்லாம் 1544 சனவரியில் உரோமைக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். குருவானவர் போகமுடியாத இடத்திற்குப் பிள்ளைகளின் குரல் போயிற்று. டிசம்பர் உறைபனியில் குல்லாவும் மஃப்ளருமாய், பல் கிட்ட, லைன் லைனாக ஏறியிறங்கிக் கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடிய நம் பிள்ளைகளும் அந்தச் சிறுவர்களின் வழிவந்தவர்களே என்று நான் எண்ணுவதுண்டு.

நிற்க. இன்று பாடகர் குழுவில் பெண்பிள்ளைகள்தான் பெரும்பான்மை. பையன்களைக் காண்பது அரிது. இது எப்போதும் இப்படி இருந்ததென்று இளையோர் எண்ணக்கூடாது. 1903 நவம்பர் 22 அன்று, இசைக்குப் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாளின் திருநாளில், பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருவிசை பற்றி ஒரு கட்டளை மடல் வெளியிட்டார். பாடகர் குழுவின் பணி வழிபாட்டுப் பணி. ஆதலால் பெண்கள் அதில் சேரலாகாது. உயர்ந்த குரல் வேண்டுமானால் சிறுவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பியானோவும், மேளம், கைத்தாளம் முதலிய இரைச்சல் வாத்தியங்களும் கூடா என்பது மற்றொன்று. செசிலியம்மாளே வந்திருந்தாலும் மாடியேறிப் பாட விட்டிருக்கமாட்டார்கள் என்று எங்கள் பாட்டு மாஸ்டர் வேடிக்கையாகச் சொல்வார். 1955 கிறிஸ்து பிறப்பு நாளில் பன்னிரண்டாம் பத்திநாதர் இதைச் சற்றுத் தளர்த்தினார். சிறுவர் போதிய அளவில் கிடைக்காத இடங்களில், பீடத்தின் எல்லைக்கு வெளியே, ஆண்களும் பெண்களும் தனித்தனியே நின்று பாடலாம் என்றார். மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து நம் உதகை மறைமாவட்டம் உதித்ததும் அதே 1955ஆம் ஆண்டில்தான்.

அடுத்து வந்தது இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம். நம் முதல் ஆயர் மேதகு அந்தோனி படியறை ஆண்டகையும் அதில் அமர்ந்திருந்தார். பிற்காலத்தில் கர்தினாலாகத் திருச்சபைக்குப் பெருமை சேர்த்தவர் அவர். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அந்தந்த நாட்டு மக்களின் இசைக்கு உரிய இடம் கொடுக்கச் சொன்னது. 1967 மார்ச் 5 அன்று வந்த திருவிசை பற்றிய ஏடு, பாடகர் குழுவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தோ, தேவையானால் பெண்கள் மட்டுமோ இருக்கலாம் எனத் தெளிவாக்கியது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். "இனி எல்லா மக்களும் பாடுவார்கள், பாடகர் குழு எதற்கு?" என்ற பேச்சு அப்போது பல இடங்களில் எழுந்தது. இலத்தீன் பாட்டை நாற்பது ஆண்டு நெஞ்சில் வைத்திருந்த முதியோர், ஒரே ஞாயிறில் வேலையற்றுப் போனவர்களைப்போல் உணர்ந்தார்கள். சிலர் மாடியை விட்டு இறங்கியவர்கள் பின்பு ஏறவேயில்லை. சாசனம் சொன்னது அதுவன்று. பாடகர் குழுக்களை ஊக்கமாய் வளர்க்கவேண்டும், அதே சமயம் மக்கள் அனைவரும் தங்களுக்குரிய பங்கைப் பாட வழி செய்யவேண்டும் என்று அது இரண்டையும் சேர்த்தே சொன்னது. வாசித்தவர்கள் பலர் பின்பாதியை மட்டும் வாசித்தார்கள். நம் பங்கில் குழு கலையாமல் தப்பியதற்குக் காரணம் எந்தச் சாசனமும் அல்ல. தமிழ்ப் பாட்டைக் கற்றுக்கொண்டு அடுத்தடுத்த பங்குகளுக்கும் தோட்டத்துச் சிற்றாலயங்களுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது, அதுதான் காரணம். போகப் பேருந்தும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பேருந்தில் போகும் ஆசையும் இருந்தது. ஆசையைத் தாழ்வாகச் சொல்லவேண்டாம். நானே குழுவில் சேர்ந்தது சன்னல் ஓரத்து இருக்கைக்காகத்தான்.

இக்காலத்தில்தான் இலங்கையிலிருந்து குடும்பங்கள் வரத்தொடங்கின. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தத்தின்படி, நாடற்றவராய் எண்ணப்பட்ட மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே காட்டைத் திருத்தித் தேயிலை வளர்த்தவர்களின் வழிவந்தோர் அவர்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, தேயிலை வேலை தெரியும் என்பதால் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு 1968இல் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது; அது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மற்றும் பலர் தனியார் தோட்டங்களிலும், பாலாடாப் பக்கத்துக் காய்கறிக் காடுகளிலும் கூலி வேலை தேடிக்கொண்டார்கள்.

தாயகம் திரும்பியோர் என்பது அரசாங்கத்தின் சொல். நாம் அவர்களை அப்படி அழைத்தோமா? "சிலோன்காரர்" என்றோம், சிலர் "அகதி" என்றே சொன்னோம். கோவிலில் அவர்கள் பின்வாசல் ஓரமாய் நின்றார்கள். யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை. முன்னே வரச் சொன்னவரும் இல்லை.

எங்கள் பாட்டு மாஸ்டருக்குச் செவி கூர்மை. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பின்வாசலுக்குப் போய், நீல தாவணி அணிந்திருந்த ஒரு பெண்ணிடம், "நீ நாளைக்குப் பயிற்சிக்கு வாம்மா" என்றார். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும். இலங்கையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு வந்தவள். அவள் பெயரை இங்கே எழுத அவள் சம்மதம் தரவில்லை. மற்றதை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம், குழு வேளாங்கண்ணிக்குப் பயணம் போக முடிவாயிற்று. ஒரு வாடகைப் பேருந்து. பாடகர், துணைக்கு வந்த பெரியவர்கள், சமையலுக்கு இருவர் ஆக 42 பேர். போக வர ஐந்து நாள். வழியில் இரண்டு பங்குகளில் பாடுவதாகவும் ஏற்பாடு. வேளாங்கண்ணி ஆலயம் 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பின் அங்கே போகாத கத்தோலிக்கக் குடும்பம் தமிழகத்தில் குறைவு. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுவே முதல் முறை. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காகப் பங்குத் தந்தை எப்படிப் பணம் திரட்டினார் என்பது எனக்குத் தெரியும். எழுதக்கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணின் தாயார் ஒப்பவில்லை. பங்கு இல்லத்து வாசலில் நின்று, "சாமி, வயசுப் பிள்ளைய நாலு ராத்திரி வெளிய அனுப்ப மனசு ஒப்பலீங்க. இந்த ரோட்டுல ஏறி வந்ததே போதும்னு இருக்கு" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்குகிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பின்பாதியை நாங்களும் காதில் வாங்கவில்லை. மறுநாள் பங்குத் தந்தை, "நீங்களும் கூட வாங்கம்மா, சமையலுக்கு ஆள் வேணும்" என்றார். இருவரும் வந்தார்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது. ஆர்மோனியப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மேலே கட்டியாயிற்று. தபேலா மட்டும் வாசிப்பவரின் மடியில். எல்லநள்ளியில் பெருஞ்சாலை ஏறி, அரவங்காடு, வெலிங்டன், குன்னூர் தாண்டியதும் மலை இறக்கம் தொடங்கும். குன்னூர் மலைப்பாதையில் எண்ணிட்ட கொண்டை ஊசி வளைவுகள் 14. இறங்கும் வண்டி, ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் சட்டம். இறக்கத்தில் நின்ற வண்டி மறுபடி உருளும்; ஏற்றத்தில் நின்ற வண்டிக்கு மறுபடி கிளம்புவது பாடு. எங்கள் ஓட்டுநர் வளைவுக்கு வளைவு நின்று, காய்கறி ஏற்றப்போகும் காலி லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டார். செபமாலையின் இரண்டாம் தேவ இரகசியத்திலேயே மூவர் வாந்தியெடுத்தனர். எலுமிச்சம்பழம் கைக்குக் கை மாறியது. பாட்டு ஒன்றும் எழும்பவில்லை. பாடகர் குழுவின் பயணம் என்றால் வழியெல்லாம் பாட்டு என்று படத்தில் காட்டுவது மலையடிவாரத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

பர்லியாரில் வண்டி நின்றது. தாயும் மகளும் இறங்கி, சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். அங்கேதான் அந்த அம்மா சொன்னார்: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மண்டபத்திலிருந்து வந்தபோது, இதே இடத்தில் அவர்கள் வந்த வண்டியும் தண்ணீர் ஊற்ற நின்றதாம். கைக்குழந்தை ஒன்று அப்போது காய்ச்சலில் இருந்ததாம். மலையேறிய மூன்றாம் நாள் அது இறந்துவிட்டது. அதன் பின் அவர் இந்தச் சாலையில் இறங்கியதே இல்லை. பங்குத் தந்தை ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டுநர் இருமுறை ஒலிப்பானை அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாவே, "போகலாம் சாமி, பிள்ளைகளுக்கு நேரமாவுது" என்று எழுந்தார்.

மேட்டுப்பாளையம் வந்ததும் வெயில். நாங்கள் கம்பளிச் சட்டைகளைக் கழற்றினோம். அன்று முழுவதும் வேறெதையும் கழற்ற முடியாதே என்று வருந்தினோம். கோவை, பல்லடம், காங்கேயம், கரூர் வழியாக, காவிரியின் ஓரமாகத் திருச்சி. அங்கிருந்து தஞ்சை, திருவாரூர், நாகை. பின்னாளில் வரைபடத்தைப் பார்த்து ஒன்றை அறிந்து வியந்தேன். நாகப்பட்டினத்தில் தொடங்கித் திருச்சி, கோவை, மேட்டுப்பாளையம், உதகை வழியாகக் கருநாடகத்துக் குண்டலுப்பேட்டை வரை சென்ற சாலை முழுவதற்கும் தேசிய நெடுஞ்சாலை 67 என்று ஒரே எண் இருந்தது. 2010இல் எண்களை மாற்றிப் பிரித்துவிட்டார்கள். ஆக, நம் எல்லநள்ளி முக்கில் ஏறினால், சாலை மாறாமலே ஆரோக்கிய மாதாவின் வாசலுக்குச் சில கல் தொலைவு வரை போய்விடலாம் என்றிருந்தது!

கரூருக்கு அப்பால், வண்டி சமதளத்தில் ஒரே சீராக ஓடியபோதுதான் பாட்டு எழும்பியது. எங்களுக்குத் தெரிந்த தேவதாய்ப் பாடல் ஒன்றைத் தொடங்கினோம். இரண்டாம் அடியில் அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். "ஏன்?" என்று மாஸ்டர் கேட்டார். "எங்க ஊருல வேற மாதிரி பாடுவோம் மாஸ்டர்." "பாடு பார்ப்போம்." சொற்கள் அதேதான். நாங்கள் ஆதி தாளத்தில் நிறுத்தி நிதானமாகப் பாடியதை, அவள் திஸ்ர நடையில், கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண்களின் நடைக்கேற்பப் பாடினாள். தாயாரும் சேர்ந்துகொண்டார். பின்வாசலில் நின்ற அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. திருச்சி வருவதற்குள் வண்டி முழுவதும் அந்த மெட்டைக் கற்றுக்கொண்டுவிட்டது, ஓட்டுநர் உட்பட.

வழியில் பாட ஏற்பாடாயிருந்த ஒரு பங்கில், அந்த ஊர்ப் பாடகர் குழுவுக்கு நாங்கள் வருவது பிடிக்கவில்லை. யாரும் அவர்களிடம் முன்னதாகச் சொல்லவில்லை போலும். மாடிப் படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. சாவி இல்லை என்றார்கள். எங்கள் பையன்களுக்குக் கோபம். மாஸ்டர் எங்களைக் கோவிலின் நடுவில், மக்களோடு மக்களாக ஆங்காங்கே பிரிந்து உட்காரச் சொன்னார். "அவங்க பாடட்டும். பல்லவிக்கு மட்டும் நீங்க குரல் கொடுங்க, பக்கத்தில் இருக்கிறவங்க கூடப் பாடற மாதிரி பாடணும், அவங்களை மூடற மாதிரி பாடக்கூடாது" என்றார். பாடினோம். காணிக்கைப் பாடலுக்குள் கோவில் முழுவதும் பாடிற்று. திருப்பலி முடிந்ததும் சாவி எப்படியோ அகப்பட்டது, காப்பியும் கிடைத்தது. எங்கள் காலத்துப் பையன்கள் இன்றும் இதை எங்கள் வெற்றியாகச் சொல்லித் திரிகிறார்கள். நாங்கள் அறிவியாமல் போனது தவறு என்பது என் எண்ணம்.

வேளாங்கண்ணியில் ஆர்மோனியம் கைவிட்டது. குளிரிலும் வறண்ட காற்றிலும் இருந்த மரம், கடற்காற்றின் ஈரத்தில் ஒரே இரவில் உப்பிவிட்டது. ஒரு கட்டை அழுத்தியபடியே நின்றுவிட, துருத்தியைத் தொட்டதும் பெட்டி தானாகவே ஒரே சுருதியில் ஊளையிடத் தொடங்கியது. விடியற்காலைத் திருப்பலியில் பாட எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. மாஸ்டர் பெட்டியை மூடினார். தபேலாவும் இல்லாமல், சுருதியும் இல்லாமல், அந்தப் பெண் எடுத்துக்கொடுக்க, இலங்கை மெட்டில் அன்னையின் பாடலைப் பாடினோம். கூட்டத்தில் இருந்த சில முதியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னர் அவர்களுள் ஒருவர் வந்து, தாம் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றும், இந்த மெட்டை இக்கரையில் கேட்பேன் என்று எண்ணியதில்லை என்றும் சொல்லி அழுதார். அந்த அம்மா தம் இறந்த குழந்தையின் பெயரில் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். அடுத்த ஞாயிறு கேத்தியில், தாயும் மகளும் முன்வரிசைக்கு வந்திருந்தார்கள்.

உலகறிந்த பயணப் பாடகர் குழு ஒன்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை எழுதுவது பொருந்தும். 1965இல் வெளிவந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பார்க்காத கான்வென்ட் பிள்ளை நீலகிரியில் இராது. அதன் முடிவில் டிராப் குடும்பத்தார் ஆல்ப்ஸ் மலையை நடந்து கடக்கிறார்கள். உண்மையில் அவர்கள் 1938இல் இரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். பின்பு அமெரிக்கா சென்று, ஏறக்குறைய 1956 வரை ஆண்டுதோறும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து, இசையமைத்து, உடன் பயணம் செய்தவர் பிரான்ஸ் வாஸ்னர் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். படத்தில் அவர் இல்லை. அவருக்குப் பதில் வேடிக்கையான ஒரு கற்பனை மனிதரை வைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் பாக்கும் பாலஸ்திரீனாவுமாகப் பாடியவர்கள், கூட்டம் சேர்வதற்காகப் பெயரையும் நிகழ்ச்சியையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கச்சேரியா, வழிபாடா என்ற இழுபறி, பயணம் போகும் எந்தக் குழுவுக்கும் உண்டு.

நம் நாட்டில் பங்குக் கோவிலுக்கு வெளியேயும் இளைஞர் சேர்ந்திசைக்கு ஓர் அலை வந்தது. கல்கத்தாவில் 1958இல் ரூமா குகா தாகுர்தா ஓர் இளைஞர் குழுவைத் தொடங்கினார். சென்னையில் எழுபதுகளின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். கொச்சியைச் சார்ந்த கத்தோலிக்கரான யேசுதாசை 1961இல் முதன்முதல் திரைக்குப் பாடவைத்தவரும் அவரே. பாரதியார் பாடல்களைப் பல குரல்கள் பின்னிப் பாடிய அவர்கள் இசையை வானொலியில் கேட்டுத்தான், ஒரே பாட்டில் இரண்டு மெட்டு ஒன்றாய்ப் போகக்கூடும் என்று எங்கள் மாஸ்டருக்குத் தோன்றியது. சீனிவாசன் பொதுவுடைமைக்காரர் என்று யாரோ மாஸ்டரிடம் குறை சொன்னார்கள். "அவர் சுருதி சுத்தமாக இருக்கிறது" என்று இவர் பதில் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் கூடிப் பாடும் வழக்கத்தை நாடெங்கும் பரப்ப உழைத்த அவர், 1988 மார்ச்சில் இலட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது காலமானார்.

இப்போது நம் குழுவுக்கு மின்னிசைப் பெட்டி உண்டு. கடற்காற்றில் அது உப்பாது. பாட்டுகளைக் கைப்பேசியில் அனுப்பி அவரவர் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பிழையின்றிப் பாடுகிறார்கள், எங்களைவிட நன்றாகவே பாடுகிறார்கள். ஒருவர் வாந்தியெடுக்கும்போது மற்றவர் தலையைப் பிடித்துவிடும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறையாவது அவர்களை ஒரே பேருந்தில் ஏற்றி எங்கேனும் அனுப்புமாறு பங்குப் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டச் சிற்றாலயங்கள் போதும். வேளாங்கண்ணி வேண்டும் என்பதில்லை.

இலங்கை மெட்டை அன்னையின் திருநாளன்று நாம் இன்றும் பாடுகிறோம். கேத்தி மெட்டு என்று மற்றப் பங்குகளில் சொல்கிறார்களாம்.

பழைய ஆர்மோனியப் பெட்டி கோவில் மாடியில், உடைந்த நாற்காலிகளின் பின்னால் கிடக்கிறது. அந்தக் கட்டை இன்னும் எழும்பவில்லை. பயணம் போன 42 பேரில் 37 பேரின் பெயர்களைப் பழைய நோட்டு ஒன்றில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். சமையலுக்கு வந்த மற்றோர் அம்மா, ஓட்டுநரின் உதவியாளர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பையன்கள் ஆகியோரின் பெயர்கள் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. தெரிந்தவர்கள் யூபிலித் திருப்பலிக்கு முன்பாக அலுவலகத்தில் சொல்லி எழுதிவைக்க வேண்டுகிறேன். இறந்தவர்களுக்கு எதிரே சிலுவைக் குறி இட்டிருக்கிறேன். அதில் தவறு இருந்தால், குறிக்கப்பட்டவர் நேரில் வந்து திருத்தினால் மிக்க மகிழ்ச்சி அடைவேன்.